இணையவழித் திருப்புதலும் புவியியல் பாடமும்

2020 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசித் தாள் நடைபெற்றிருக்க வேண்டும். அது புவியியல் தாள். 17 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அவ்வாண்டுத் தேர்வுக்குப் பதிவு செய்திருந்தனர். கொரோனாத் தொற்றின் காரணமாக அத்தாள் முதலில் ஒத்திவைக்கப்பட்டு, ஏப்ரல் 12 அன்று அறவே கைவிடப்பட்டது. மற்றத் தாள்களில் பெற்ற மதிப்பெண்களின் சராசரியே புவியியலுக்கும் வழங்கப்பட்டது. அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் வர்ஷா கெய்க்வாட், மும்பை தாராவித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அத்தாராவியில் முதல் தொற்று கண்டறியப்பட்டது அதே ஏப்ரல் முதல் நாளில்தான்.

தேர்வு இல்லாமற் போனதில் மாணவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், அதற்கடுத்து வந்த மாணவர்கள் வகுப்பறையையே காணாமல் அதே பாடத்தைக் கைப்பேசியில் படிக்க வேண்டியவராயினர். அன்று தொடங்கிய பழக்கம் பள்ளிகள் திறந்த பின்னும் நீங்கவில்லை. தேர்வுக்கு முந்தைய திருப்புதல் என்பது இன்று பெரும்பாலும் இணையத்தின் துணையோடு நடைபெறும் ஒன்றாகிவிட்டது. இது எவ்வளவு தூரம் பயன் தருகிறது, யாருக்குப் பயன் தருகிறது என்பது ஆராய வேண்டிய பொருளாகும்.

அரசின் ஏற்பாடுகள்

இத்துறையில் அரசு நிறுவனங்கள் செய்திருப்பது சிறிதன்று. மத்திய அரசின் 'தீக்ஷா' தளம் 2017 இல் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான 'பாலபாரதி' தன் நூல்களில் க்யூஆர் குறியீடுகளை அச்சிட்டு, அவற்றின் வழியே அத்தளத்தின் பாடங்களுக்குச் செல்ல வகை செய்தது. நூல்களின் மின்பதிப்பும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் 'புவன்' என்னும் வரைபடத் தளம் 2009 முதல் இயங்கி வருகிறது. 1767 இல் நிறுவப்பட்ட இந்திய நில அளவைத் துறை, ஐம்பதாயிரத்தில் ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்த தன் வரைபடங்களை 2017 முதல் பொதுமக்கள் இலவசமாகப் பெற வழி செய்தது. புறவரி அச்சிட்ட தாளைக் கடையில் வாங்கி, கங்கையை நீல மையால் வரைந்த எங்கள் தலைமுறைக்கு இது கனவிலும் எட்டாத வசதி.

பொருளியல் நோக்கில் ஓர் இணையப் பாடம் பொதுப்பண்டத்தின் இயல்பு உடையது. ஒருமுறை ஆக்கிவிட்ட பாடத்தை இன்னொரு மாணவன் பார்ப்பதால் ஏறக்குறையக் கூடுதல் செலவே இல்லை; ஒருவன் பார்ப்பதால் மற்றவனுக்குக் குறைவதும் இல்லை. ஆகவே பாடத்தை இலவசமாக்கிவிட்டால் கல்வி வாய்ப்பு சமமாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். பேனா இலவசமாகக் கிடைத்தாலும் மையை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் எழுத முடிவது யாரால்? இணையப் பாடத்தின் 'மை' பல வகைப்பட்டது: கருவி, இணைப்பு, அமர்ந்து படிக்க இடம், ஐயம் தெளிவிக்க ஓர் ஆசிரியர். 2017-18 இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75 ஆவது சுற்றின்படி, நகர்ப்புறக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றிருந்தவை 42 விழுக்காடு; கணினி உடையவை 23.4 விழுக்காடு. அதன்பின் கைப்பேசி வெகுவாகப் பரவிவிட்டது மெய்யே. ஆயினும் தாராவியின் ஓரறை வீட்டில் ஒரு கைப்பேசி இருக்குமாயின், அது வேலைக்குச் செல்லும் தந்தையுடன் காலையில் புறப்பட்டுவிடுகிறது. இரவில் அது திரும்பும்போது படிக்கும் பிள்ளைகள் இருவரோ மூவரோ காத்திருக்கின்றனர்.

இச்சூழலில் காணொளியை மட்டும் நம்பிய திருப்புதல் ஏழை மாணவனுக்கு விலை மிகுந்தது. ஒரு மணி நேரக் காணொளி சில நூறு மெகாபைட் அளவை விழுங்குகிறது. அதே பாடத்தின் அச்சுப் பக்கங்கள் சில மெகாபைட்டில் அடங்கும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணைப்பில்லாமலே திரும்பத் திரும்பப் படிக்கலாம். தீக்ஷாவிலும் பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு.

பார்ப்பதும் நினைவுகூர்வதும்

செலவு ஒருபுறமிருக்க, பார்ப்பதையே படிப்பதாக மாணவர் கருதிவிடுவது மற்றொரு குறை. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஒரு பகுதியை நான்கு முறை படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடு நினைவில் வைத்திருந்தனர். ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, பின் மூன்று முறை நூலைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ 61 விழுக்காடு நினைவில் வைத்திருந்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் நின்றனர். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் மாணவனை ஏமாற்றுகிறது. சிறு வினாக்களைக் கேட்டு உடனே விடை சரிபார்க்கும் இணையப் பயிற்சிகள், இவ்வகையில், அழகிய காணொளியை விட மேலானவை. வெற்று வரைபடத்தைப் பார்த்து ஆறுகளையும் மலைகளையும் குறிப்பது அதனினும் மேல். அதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

தமிழ்க் குழந்தைகளுக்கு உள்ள தனிச்சிக்கல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கின்றனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தோர் தாராவியிலும், அலுவலகப் பணி தேடி வந்தோர் மாட்டுங்காவிலும் குடியேறினர். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932 லேயே பள்ளி கண்டது. இப்பகுதிக் குழந்தைகள் எம்மொழி வழியே பயின்றாலும், விளங்காத ஒன்றை வீட்டு மொழியில் தேடிப் பார்ப்பது இயல்பு. தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்கள். தமிழ்நாட்டரசு 2019 இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் தரமானவைதான். ஆனால், தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புவியியல் இந்தியாவையும் தமிழ்நாட்டையும் விவரிப்பது. 2018 இல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர நூலோ இந்தியாவையும் பிரேசிலையும் ஒப்பிட்டுச் செல்வது. காவிரிப் படுகையைப் பற்றி நன்கு கேட்டறிந்த குழந்தை, அமேசான் படுகையைப் பற்றிய வினாவின் முன் திகைத்து நிற்கிறது.

இந்நூலின் ஒப்பீட்டு முறை உண்மையில் பாராட்டத்தக்கது. இந்தியாவின் ஊடே கடகரேகையும் பிரேசிலின் ஊடே மகரரேகையும் செல்வதைக் கண்ட மாணவன், ஜனவரியில் அங்கே ஏன் கோடை என்பதைத் தானே சொல்லிவிடலாம். ஆனால் காரணம் கேட்கும் இத்தகைய வினாக்களையே ஒருவரி விடைகளாகச் சுருக்கித் தருகின்றன பல திருப்புதல் குறிப்புகள். 2010 கணக்கெடுப்பில் பிரேசில் மக்களில் 84 விழுக்காட்டினர் நகரவாசிகள். 2011 இல் இந்தியாவில் 31 விழுக்காட்டினர். இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்வது எளிது. ரியோ நகரத்து மலைச்சரிவுகளில் 'ஃபவேலா' குடியிருப்புகள் தோன்றியதற்கும், மாகிம் கழியோரச் சதுப்பில் தாராவி தோன்றியதற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எண்ணிப் பார்ப்பதே புவியியல்.

அந்த நூலின் முதல் அத்தியாயம் களப்பயணம் பற்றியது என்பதையும் குறிப்பிட வேண்டும். திருப்புதலில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. அதற்காகத் தொலைவு செல்லத் தேவையில்லை. தாராவியின் பழைய கோளிவாடா மீனவர் குடியிருப்பு. கும்பார்வாடா, சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு. ரயில் பாதைக்கு அப்பால் உள்ள மாட்டுங்காவோ, 1896 இன் பிளேக் நோய்க்குப் பின் 1898 இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய பகுதி. நடந்து செல்லும் தூரத்தில் திட்டமிட்ட குடியிருப்பும் திட்டமிடாததும் எதிரெதிரே நிற்கின்றன. செம்பூரை அடுத்த மாகுலில் 1950 களின் நடுவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஏன் எழுந்தன என்று கேட்டால், அருகிலுள்ள துறைமுகத்தையும் கப்பல்கள் வந்து நிற்கும் ஆழத்தையும் சுட்டலாம். தொழிலிட அமைவு பற்றிய பாடம் அவ்வளவே.

மித்தி ஆறு இன்னொரு பாடம். விகார், பவாய் ஏரிகளின் வழிநீராகப் பிறந்து, மாகிம் கழியில் கலக்கும் இதன் நீளம் சுமார் 18 கிலோமீட்டர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள ஆற்றுநீர் வடிய வழியின்றி ஊருக்குள் புகுந்தது. புவன் தளத்தில் இந்த ஆற்றின் போக்கைத் தொடக்கம் முதல் முகத்துவாரம் வரை கண்டுவிட்டு, பின்னர் பாலத்தின் மேல் நின்று பார்க்கும் மாணவனுக்கு 'வடிகால்' என்ற சொல்லை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. மகாராஷ்டிரப் பாடநூலின் பிரேசில் பகுதிகளுக்கு எளிய தமிழில் குரல்வழி விளக்கங்களும், மராத்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் கலைச்சொற்களைத் தரும் சிறு பட்டியலும் தேவை. இவை சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசி மாலையில்தான் வீட்டுக்கு வருகிறதென்றால், பள்ளிக் கட்டடத்தின் ஓர் அறையை மாலை இரண்டு மணி நேரம், இணைய இணைப்புடனும் ஓர் ஆசிரியருடனும், தேர்வுக்கு முந்தைய மாதங்களிலாவது திறந்து வைக்கலாம். புதிய பாடங்களை ஆக்குவதற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இவ்வறைக்கு மாற்றினால், ஏற்கெனவே ஆக்கிவைத்த பாடங்களின் பயன் பெருகும். மார்ச் மாதத் தேர்வுக்கு அவ்வறை டிசம்பரிலேனும் திறக்கப்பட வேண்டும்.