அப்பாவின் சம்பளம் நின்றுவிட்டால் காலேஜ் ஃபீஸ் என்ன ஆகும்?

கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதம் 30,000 ரூபாய் வரும். மகள் கவுன்சலிங்கில் இடம் பிடித்து, தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தம்பி பத்தாம் வகுப்பு.

ஒருநாள் விபத்து. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிகிறது. "ஒரு வருஷத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது" என்கிறார் டாக்டர். அம்மா காலையில் வாசலில் இட்லி போடுகிறார், மதியம் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். வீட்டு வாடகைக்கும் மருந்துக்குமே சரியாகப் போய்விடுகிறது.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து மெசேஜ் வருகிறது. அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்குக் கடைசித் தேதி.

"பரவாயில்லம்மா. தம்பி படிக்கட்டும். நான் பாரிமுனையில ஏதாவது கடைக்கு வேலைக்குப் போறேன்" என்கிறாள் மகள்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, தினக்கூலியையும் வண்டி வாடகையையும் கான்ட்ராக்ட் வேலையையும் நம்பியிருக்கும் எத்தனையோ வீடுகளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால், மகள் அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் அந்தக் குடும்பம் ஒன்றைச் செய்தாக வேண்டும். நிலைமை மாறிவிட்டது என்பதைக் கல்லூரிக்கும் அரசுக்கும் எழுத்தில் தெரிவித்து, உதவியை மறுபடி பரிசீலிக்கச் சொல்ல வேண்டும்.

பழைய சான்றிதழ் பழைய கதையைத்தான் சொல்லும்

கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் 3,60,000 ரூபாய் என்று இருக்கும். கல்லூரி ஃபைலைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் இன்னும் அதே நிலையில்தான் இருக்கிறது. அப்பா படுத்திருப்பது ஃபைலுக்குத் தெரியாது.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கான தமிழக அரசின் உதவித்தொகைக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் அதே வரம்புதான். சேரும்போது 3.6 லட்சம் என்பதால் இந்தக் குடும்பத்துக்குத் தகுதியில்லை. இப்போது வருமானம் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். வரம்புக்குள் வந்துவிட்டார்கள். ஆனால், அதை நீங்கள் போய்ச் சொன்னால்தான் உண்டு. தானாக யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

எந்தப் படிப்பு, அரசு உதவி பெறும் கல்லூரியா சுயநிதிக் கல்லூரியா, கவுன்சலிங்கா மேனேஜ்மென்ட் கோட்டாவா என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். எனவே கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைக் கவனிப்பவரிடம், "இரண்டாம் ஆண்டில் புதிதாக விண்ணப்பிக்கலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

முதல் வேலை, இ-சேவை மையம்

புது வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 60 ரூபாய். வருவாய்த் துறையினர் விசாரித்துச் சான்றிதழ் தருவார்கள். "போன வருஷம் இவ்வளவு சம்பாதிச்சீங்களே?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

* விபத்து, நோய் என்றால்: மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, ஓய்வு தேவை என்று டாக்டர் எழுதிய கடிதம்.
* வேலை போனது என்றால்: பணிநீக்கக் கடிதம். அது இல்லையா, சம்பளம் வரவு நின்றதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்.
* குடும்பத் தலைவர் இறந்திருந்தால்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்.
* கணவர் விட்டுப் பிரிந்திருந்தால்: கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்றிதழ். இதற்கும் இ-சேவையில் விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

முதல்வர் அறை வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தால், அதற்கு எந்தப் பதிவும் இருக்காது. ஒரு பக்கக் கடிதம் போதும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, நான் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. என் தந்தை விபத்தில் காயமடைந்து இந்தத் தேதி முதல் வேலைக்குச் செல்ல இயலவில்லை. எங்கள் குடும்ப மாத வருமானம் 30,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாயாகக் குறைந்துவிட்டது. அதற்கான சான்றுகளை இணைத்துள்ளேன். இந்த செமஸ்டர் கட்டணத்தை மூன்று தவணைகளில் செலுத்த அனுமதிக்கவும், அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும், கல்லூரியின் கட்டணச் சலுகைக்கு என் பெயரைப் பரிசீலிக்கவும், அதுவரை தேர்வு எழுத அனுமதிக்கவும் வேண்டுகிறேன்."

"உதவி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால், என்ன செய்வதென்று அவர்களுக்கும் புரியாது. என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல்வருக்கு மெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்ட வழி இருக்கிறது. அங்கே கல்வி உதவியைக் கணக்கிடும்போது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கிறார்கள். இடையில் பெற்றோருக்கு வேலை போனால், சான்றுகளைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். கல்லூரியின் நிதியுதவி அதிகாரி கணக்கை மாற்றி அமைக்கலாம். நம் கல்லூரிகள் பலவற்றில் இதற்கென்று தனி படிவம் இருக்காது. அதனால், உங்கள் கடிதம்தான் படிவம்.

கடைசித் தேதிக்கு முன்னால்!

2024-ல் உத்தரப்பிரதேசத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி-யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஊரெல்லாம் புரட்டிப் பணத்தைச் சேர்த்தும் கடைசி நேரத்துக்குள் கட்ட முடியவில்லை, சீட் போனது. அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி என்பதால், சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார் அந்த மாணவர். கடைசியில் 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அவருக்கு இடம் தரச் சொன்னது.

நல்ல முடிவுதான். ஆனால், எல்லோராலும் டெல்லி வரை போக முடியாது. கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பே கொடுக்கும் கடிதத்துக்கு இருக்கும் மரியாதை, மறுநாள் கொடுக்கும் கடிதத்துக்கு இருக்காது.

வேறு எங்கெல்லாம் கேட்கலாம்?

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன்: 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். இன்னும் பதியவில்லை என்றால் கல்லூரியில் கேளுங்கள்.

நலவாரியம்: ஆட்டோ ஓட்டுநர், கட்டுமானத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் எனத் தனித்தனி நலவாரியங்கள் உள்ளன. அப்பாவோ அம்மாவோ உறுப்பினராக இருந்தால், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவி உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

பி.எஃப்: பி.எஃப் பிடித்தம் இருந்த வேலையில் இருக்கும்போது பெற்றோர் இறந்திருந்தால், காப்பீடாக அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை வரலாம். பிள்ளைகளுக்கு 25 வயது வரை பென்ஷனும் உண்டு.

கல்விக் கடன்: முதல் ஆண்டில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, இடையிலும் வாங்கலாம். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டம். ஆனால் இது கடைசியாகப் பார்க்க வேண்டிய வழி. உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை, கடனைத் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பெண்களுக்கான ஏ.ஐ.சி.டி.இ-யின் பிரகதி போன்ற சில உதவித்தொகைகளுக்குப் படிப்பில் சேரும் ஆண்டில் மட்டுமே புதிதாக விண்ணப்பிக்க முடியும். முதல் ஆண்டு பிள்ளைகள் தள்ளிப்போடக் கூடாது.

கல்லூரி மறுத்துவிட்டால்? பதிலை எழுத்தில் கேளுங்கள். அடுத்து கல்லூரி நிர்வாகத்துக்கும், இணைப்புப் பல்கலைக்கழகத்துக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி மாணவரின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்று 2018-லேயே யு.ஜி.சி அறிவித்திருக்கிறது.

இத்தனை வழி இருந்தும் பல வீடுகளில் வாயைக் கட்டிப்போடுவது ஒன்றுதான். "நம்ம கஷ்டம் நம்மளோட இருக்கட்டும், காலேஜுக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்?" என்ற கூச்சம். சம்பாதித்துக்கொண்டிருந்தவர் படுத்துவிட்டது யாருடைய தப்பும் இல்லை. அதை மறைத்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

பாரிமுனைக் கடையில் வேலை எப்போதும் கிடைக்கும். விட்டுப்போன இரண்டாம் ஆண்டு அப்படிக் கிடைக்காது. நாளைக் காலை இட்லிக் கடையை முடித்துவிட்டு, அந்தப் பையை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்புங்கள். முதலில் இ-சேவை மையம், அடுத்து கல்லூரி.