சிசுவின் ரத்தத்தில் கிடைத்த விடை

கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் உருவான சிகிச்சை ஒன்று, உலகிலேயே முதன்முறையாக 2023 நவம்பரில் பிரிட்டனில் அனுமதி பெற்றது. அடுத்த மாதமே அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தது. 'காஸ்ஜெவி' எனப்படும் அச்சிகிச்சை, அரிவாள் செல் ரத்தசோகைக்கும் தலசீமியாவுக்கும் உரியது. இவற்றுள் முன்னதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நம் நாட்டுப் பழங்குடி மக்களைத் தலைமுறைகளாக வாட்டிவரும் நோய் அது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அதன் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்பஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952இலேயே பதிவுசெய்துள்ளனர்.

ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்களால் ஆனது. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமர்ந்துவிடுகிறது. பிழை அவ்வளவுதான். ஆனால், ஆக்ஸிஜனை இறக்கிவைத்தவுடன் இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறுபோல் நீள்கின்றன. வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைந்து விறைக்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் அது சிக்கிக்கொள்ள, எலும்பு, மண்ணீரல், நுரையீரல், மூளை என எங்கும் பாதிப்பு நேரலாம். மருத்துவ மாணவனாக நான் படித்த பாடநூல், இந்த ஒற்றை அமினோ அமிலத்தின் வேதியியலைப் பக்கம் பக்கமாக வியந்தது. நோயாளி அனுபவிக்கும் வலிக்கு அதில் இரண்டே வரிகள். அந்த வலி, திடீரெனத் தொடங்கி நாள்கணக்கில் நீடித்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடுமையாகக்கூடியது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் நோய் முழுமையாக வெளிப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், பெரும்பாலும் தொல்லை இல்லை. மாறாக, கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. மலேரியா மிகுந்த நிலப்பகுதிகளில் இம்மரபணு நிலைபெற்றதன் காரணம் இதுவே.

சிகிச்சைக்கான முதல் துப்பு 1948இல் கிடைத்தது. இந்நோயோடு பிறக்கும் சிசுக்களுக்கு முதல் சில மாதங்களில் தொல்லை இல்லாதிருப்பது ஏன் என்று நியூயார்க்கின் குழந்தைநல மருத்துவர் ஜேனட் வாட்சன் ஆராய்ந்தார். கருவில் இருக்கும்போது சுரக்கும் 'கரு ஹீமோகுளோபின்' அவர்களைக் காக்கிறது என்பது அவர் கருத்து. பிறந்த பின் அதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நிறுத்துவது எது? பிசிஎல்11ஏ என்னும் மரபணுவுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு என்பதை ஸ்டூவர்ட் ஆர்க்கின், விஜய் சங்கரன் உள்ளிட்ட பாஸ்டன் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். இடையில் அறுபது ஆண்டுகள்!

காஸ்ஜெவி, பிழையான மரபணுவைத் தொடுவதே இல்லை. நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, அவற்றில் பிசிஎல்11ஏயின் செயலைத் தணித்து, கடுமையான கீமோதெரபியால் எலும்பு மஜ்ஜையைக் காலிசெய்த பின் அவற்றைத் திரும்பச் செலுத்துகிறார்கள். உடல் மீண்டும் கரு ஹீமோகுளோபினைச் சுரக்கத் தொடங்குகிறது. அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில், மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து குறைந்தது 12 மாதங்கள் கடும் வலித்தாக்குதல் வரவில்லை. மகத்தான சாதனைதான். 2023இல் அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலராக இருந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய்.

இதே கரு ஹீமோகுளோபினை உயர்த்தும் மாத்திரை ஒன்று நெடுங்காலமாகவே இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவர்? ஹைட்ராக்ஸியூரியா, பழைய புற்றுநோய் மருந்து. வலித்தாக்குதல்களை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா நாடுகளில் குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் வலியோடு தொற்றுகளும் மலேரியாவும் இறப்பும் குறைந்தன. வசதி குறைந்த மருத்துவமனைகளிலும் இதைப் பாதுகாப்பாகத் தர முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. காப்புரிமை இல்லாத, இந்தியாவிலேயே தயாராகும் மருந்து இது. நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். அவ்வப்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

இன்னும் எளியது பென்சிலின். மண்ணீரல் பழுதடைவதால் இக்குழந்தைகளை நிமோகாக்கஸ் கிருமி எளிதில் கொன்றுவிடும். தினமும் இருவேளை பென்சிலின் கொடுத்தால் அத்தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986இல் வெளியான ஆய்வு கண்டது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஆனால், குழந்தைக்கு நோய் இருப்பது பிறந்தவுடன் தெரிந்தால்தான் பென்சிலினை உரிய காலத்தில் தொடங்க முடியும்.

2047க்குள் இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கியது. 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதனை வேண்டியதே. ஆனால், முடிவு அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, மாத்திரைக்காகத் தொலைதூரத்து மாவட்ட மருத்துவமனைக்குப் போகச் சொன்னால், தினக்கூலியை இழந்து மாதந்தோறும் யார் போவார்கள்? திருமணப் பொருத்தம் பார்க்க அந்த அட்டை பயன்படும்போது பழி பெண்ணின் மீதே விழும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

மரபணு ஆய்வைக் கைவிடச் சொல்லவில்லை. ஹீமோபிலியாவுக்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணு சிகிச்சை பெற்ற ஐந்து பேருக்குக் கண்காணிப்புக் காலத்தில் ரத்தக்கசிவே ஏற்படவில்லை என 2024இல் வெளியான முடிவு, இத்தகைய பணி இங்கும் சாத்தியம் என்று காட்டியிருக்கிறது. அந்த முயற்சிகள் பலன்தரும் வரை, இன்று பிறக்கும் குழந்தை காத்திருக்க முடியாது. எத்தனை கோடிப் பேரைப் பரிசோதித்தோம் என்ற கணக்கோடு, நோய் உறுதியானவர்களுள் எத்தனை பேர் தொடர்ந்து ஹைட்ராக்ஸியூரியா உட்கொள்கிறார்கள், எத்தனை குழந்தைகளுக்குப் பென்சிலின் கிடைக்கிறது என்ற கணக்கையும் மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும்.