சேலையில் ஏறும் மயிலுக்கு எத்தனை அட்டை? தெரியுமா?

சேலத்துக்குப் பக்கத்தில், கஞ்சமலை ஓரத்து இளம்பிள்ளை. மொத்த விலைக்குச் சேலை எடுக்கப் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அந்தச் சேலையின் மயிலும் மாங்காயும் முதலில் கம்ப்யூட்டரில்தான் பிறக்கின்றன, தெரியுமா?

மயிலை வரைந்தால் மட்டும் தறி நெய்யாது! முன்பு கிராஃப் தாளில் பிரஷால் நிரப்பிய சின்னச் சின்னக் கட்டங்களை இன்று சாஃப்ட்வேரில் நிரப்புகிறார்கள். எவ்வளவு நெளிவான கழுத்தும் கட்டத்தில் படிக்கட்டாகத்தான் விழும். அந்தப் படி கண்ணில் படாமல் செய்வதே டிசைனரின் கெட்டிக்காரத்தனம்.

அப்புறம் அட்டை! கட்டத்தில் நிரப்பியதை அட்டையில் ஓட்டைகளாகக் குத்தித் தறியின் ஜக்கார்டு கருவியில் மாட்டுகிறார்கள். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், கொக்கி பாவு நூலை, அதாவது நீளவாக்கு நூலை, தூக்கும். ஓட்டை இல்லையா? நூல் கீழேயே கிடக்கும். ஊடை என்ற குறுக்கு நூல் ஒன்றுக்கு அட்டை ஒன்று. மயில் 300 ஊடை உயரம் என்றால் 300 அட்டை! எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த தறியில் அத்தனையும் ஒரு பென் டிரைவுக்குள் அடக்கம்.

இதைக் கேளுங்கள்: கம்ப்யூட்டருக்கே தறிதான் முன்னோடி! பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் அட்டைத் தறியைக் கொண்டுவந்தார். 1839-ல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள்! அந்தப் படத்தை வீட்டில் மாட்டிவைத்த சார்லஸ் பாபேஜ், தன் கணக்கு இயந்திரத்துக்கும் ஓட்டை அட்டையையே தேர்ந்தெடுத்தார்.

ஓவியமும் தறி ஏறும், தெரியுமா? சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடையின் 'விவாஹ' பட்டுச் சேலையில் ஓவியர் ரவிவர்மா வரைந்த இசைக்கலைஞர் பெண்கள் 11 பேரும் முந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். 2008-ல் விற்ற விலை ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய். கின்னஸிலும் இடம்!

கம்பளத்துக்கும் இதே வித்தைதான். காஷ்மீரில் எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதை 'தாலிம்' என்ற குறியீட்டில் எழுதிவைத்து, அதைப் படித்தபடியே முடிச்சுப் போடுவார்கள். இன்று அந்தத் தாலிமையும் கம்ப்யூட்டர் எழுதுகிறது. நம் பவானி ஜமக்காளத்துக்கு இந்த வம்பே கிடையாது. பட்டை பட்டையான நிறத்தை வைத்தே புவிசார் குறியீடு வாங்கிவிட்டது!

இந்த நெசவு வித்தையைப் படிக்கச் சேலத்துக்காரர்கள் வெளியூர் போகவேண்டாம். 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் சேலத்திலேயே இருக்கிறது.

இனி புட்டா, அதாவது சின்னப் பூ வேலை, உள்ள சேலை எடுக்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நூல் ஓடியிருந்தாலோ, வெட்டிய நுனி தெரிந்தாலோ அது நெய்த புட்டா. மங்கலான சாயம் மட்டும் தெரிந்தால் அது பிரிண்ட். விலையை அதற்கப்புறம் பேசுங்கள்!