சிறிய இணைய நிலையத்துக்கு ஏற்ற சேவையகம்

சிற்றூரொன்றிற் சில நூறு வீடுகளுக்கு இணைய இணைப்பு வழங்க முற்படுவோர் முதலிற் கேட்பது, எந்தச் சேவையகத்தை வாங்குவது என்பதே. பிற கணினிகளின் வேண்டுகோளுக்கு இராப்பகலாக விடையளித்துக்கொண்டிருக்கும் கணினியே சேவையகம் எனப்படும். அது செய்யவேண்டிய தொழில் யாதென ஆராயாது விலைப்பட்டியலைப் புரட்டுவோர், பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய பொறியையே வாங்கிவிடுகின்றனர்.

உண்மையில் அதன் தொழில் சொற்பமே. சந்தாதாரரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து அனுமதித்தல், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுத்தல், பாவனைக் கணக்கைப் பதிதல் ஆகியன முக்கியமானவை. சந்தாதாரர் பார்க்கும் படங்களும் கேட்கும் பாட்டுகளும் இதனூடே செல்வனவல்ல. அவை ‘ரூட்டர்’ எனப்படும் வழிப்படுத்தியினூடே செல்கின்றன. ஆதலின் நான்கு கருக்கள் கொண்ட சாதாரணச் செயலியும் 16 கிகாபைற் நினைவகமும் இங்கு தாராளமாகப் போதும். லினக்ஸ் போன்ற இலவச இயக்க முறைமை இருப்பதால் மென்பொருளுக்கெனப் பணம் செலவிடவேண்டியதுமில்லை.

எனினும், பெயரை மாற்றிக் கொடுக்கும் அச்சிறு பணி நின்றுவிட்டால், இணைப்பு நன்றாயிருந்தும் ஊர் முழுவதும் இணையம் அற்றுப்போனதாகவே தோன்றும். ஆகவே ஒரே பெரிய பொறியிற் பணம் முழுவதையும் முடக்குவதிலும், எளிய பொறிகள் இரண்டை வாங்கி, ஒன்று பழுதுற்றால் மற்றையது பணியை ஏற்குமாறு அமைப்பதே விவேகம்.

பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பாவித்துக் கழிக்கும் சேவையகங்கள் மலிவாகக் கிடைக்கும். வழுத்திருத்தும் நினைவகமும் இரட்டை மின்வழங்கியும் அவற்றிற் பெரும்பாலும் உண்டு. ஆனால் மின்கட்டணத்தையும் கணக்கிடல் வேண்டும். இடைவிடாது 200 வாற்று மின்வலுவை இழுக்கும் பழைய பொறி ஆண்டொன்றில் 1,752 அலகுகளை விழுங்கும். 40 வாற்றுப் புதிய சிறு பொறிக்கோ ஏறக்குறைய 350 அலகுகள் போதும். பழையதன் வெப்பத்தை அகற்றக் குளிரூட்டியும் உழைக்கவேண்டும். மலிவாக வாங்கியது சில ஆண்டுகளில் மலிவாகவே இருக்குமா என்பது ஊரின் மின்கட்டண வீதத்தைப் பொறுத்தது.

மலிவான பொறிகளுக்குச் சான்றாகக் கூகிள் நிறுவனத்தைப் பலர் காட்டுவர். 1999இல் அந்நிறுவனம் கூடுகளற்ற சாதாரணக் கணினிப் பலகைகளைத் தக்கையிட்ட தட்டுகளில் அடுக்கித் தேடுபொறியை நடத்தியது உண்மையே. ஆனால் பலகைகள் பழுதுபடுமென எதிர்பார்த்தே அதன் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. இரண்டே பொறிகளை உடைய நிலையம் அதனை அப்படியே பின்பற்றலாகாது. தவிரவும், அதே நிறுவனத்தின் சேவையகங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, ஆண்டொன்றில் நினைவகத் தகடுகளுள் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவற்றில் வழு நேர்ந்ததைக் கண்டது. வழுத்திருத்தும் நினைவகத்துக்கு அளிக்கும் மேலதிக விலை வீண்செலவன்று.

வட்டுகள் இரண்டைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவது மற்றையதிலும் எழுதப்படச் செய்யலாம். ஒரே நாளில், ஒரே தொகுதியிலிருந்து இரண்டையும் வாங்குதல் நன்றன்று. ஒத்த குறையுடையவை ஏறத்தாழ ஒரே காலத்திற் பழுதுபடக்கூடும். தவறுதலாக அழிக்கப்பட்ட சந்தாக் கணக்கு இரு வட்டுகளிலும் ஒருங்கே அழியுமாதலால், வேறோரிடத்தில் நாள்தோறும் ஒரு பிரதி வைத்தல் வேண்டும். எல்லாம் அமைந்தபின், சந்தாதாரரைச் சேர்க்குமுன்னரே, முதற்பொறியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மற்றையது பணியை ஏற்கின்றதா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.