கண்டவர் எத்தனை பேர்?

கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் சாலை என்றொரு தெரு உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் 1914-ஆம் ஆண்டில் எழுப்பிய படக்கொட்டகையின் பெயரே அத்தெருவுக்கு அமைந்தது. அதற்கு முன்னர், 1905 முதல், அவர் கூடாரமும் படக்கருவியும் கொண்டு ஊர் ஊராகச் சென்று சலனப் படம் காட்டி வந்தார். கொட்டகைக்குள் வந்தோரின் தொகையை அறிதல் எளிது. விற்ற சீட்டுகளை எண்ணினால் போதும். ஆனால், படத்தை அறிவிக்கும் சுவரொட்டியைக் கண்டவர் எத்தனை பேர்? அதற்குச் சீட்டு ஏது? விளம்பரம் செய்வோரை இன்றளவும் மயங்க வைப்பது இவ்வினாவே.

கோவையில் மோட்டார் பம்பு செய்யும் சிறு தொழிலகத்தார் ஒருவர், பொள்ளாச்சிப் பக்கத்து உழவர்க்குத் தம் பொருளை அறிவிக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்கிறார். நூறு குடும்பங்களுள் நாளிதழில் அதனைக் கண்டவை 40. தொலைக்காட்சியில் கண்டவை 50. இரண்டையும் கூட்டி 90 என மகிழ்தல் பிழையாகும். இரண்டிலும் கண்ட குடும்பங்கள் 20 இருப்பின், அவை இருமுறை எண்ணப்பட்டுவிட்டன அன்றோ? அவற்றை ஒருமுறை கழிக்க, 70 எஞ்சும். விளம்பரம் சென்றெட்டிய அளவு இந்த எழுபதே. மற்ற முப்பது குடும்பத்தார் அந்தப் பம்பின் பெயரையும் கேட்டறியார். தொண்ணூறு என்று நம்பியவரோ அவர்களைத் தேடிச் செல்லமாட்டார்.

இனி, எண்ணுபவர் யார் என்பதும் கருதத்தக்கது. பிரதிகள் பெருகினால் விளம்பரக் கட்டணமும் பெருகும். ஆதலின் இதழ் நடத்துவோர் கூறும் தொகையை அப்படியே ஏற்றல் இயலாது. இதனைச் சரிபார்க்கவே இதழாளரும் விளம்பரதாரரும் உறுப்பினராக அமைந்த ஏ.பி.சி. என்னும் தணிக்கைக் கழகம் 1948-இல் இந்தியாவில் தோன்றியது. ஆயினும், பிரதி வேறு, படிப்பவர் வேறு. தேநீர்க் கடைக்கு வரும் ஓர் இதழைப் பலர் படிப்பர். வீட்டுக்கு வரும் இதழ் சில நாள் பிரிக்கப்படாமலே கிடப்பதும் உண்டு.

தொலைக்காட்சிக்குப் பிரதியும் இல்லை. 2015 முதல் ‘பார்க்’ என்னும் அமைப்பு, தேர்ந்தெடுத்த சில வீடுகளில் கருவி பொருத்தி அளந்து வருகிறது. நிகழ்ச்சியின் ஒலியில், செவிக்குக் கேளாத அடையாளம் ஒன்று கலந்துள்ளது. கருவி அதனை உணர்ந்து, எந்த அலைவரிசை ஓடுகிறது எனக் குறிக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆனால், மக்கள் ஒரே பானையில் வெந்த சோறு அல்லர். ஆதலால் நகரம், சிற்றூர், செல்வர், எளியர் என எல்லா வகை வீடுகளும் உரிய அளவில் இடம்பெறல் வேண்டும். அவ்வீடுகள் எவை என்பதும் மறைவாக இருத்தல் வேண்டும். வெளிப்பட்டால், கையூட்டுத் தந்து தம் அலைவரிசையையே ஓடவிடுமாறு செய்ய வழி பிறக்கும். இத்தகைய புகார் எழுந்தமையால், 2020 அக்டோபரில் செய்தி அலைவரிசைகளின் வாராந்தரக் கணக்கை வெளியிடுதல் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் அது மீண்டும் வெளிவரலாயிற்று.