வெள்ளைபடுதல்: எது இயல்பு, எது நோய்?

மாதர் சங்கக் கூட்டங்களில் கிணறு, கடன், கோழி வளர்ப்பு எல்லாம் தாராளமாகப் பேசப்படும். கூட்டம் கலைந்த பின்னரே, எம்முடன் வரும் அருட்சகோதரியின் காதோடு, "வெள்ளை போகுது, உடம்பு உருகுது" என்ற பேச்சு எழும்.

உடம்பு உருகுவதில்லை. பிள்ளை பெறும் வயதில், நிறமற்றோ பால் நிறமாகவோ, நாற்றமின்றி ஓரளவு வெள்ளைபடுதல் இயல்பே. இரு மாதவிடாய்களுக்கு நடுவிலும் கர்ப்ப காலத்திலும் அது கூடும். யோனியில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் ஒருவகை அமிலத்தை உண்டாக்கி நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. டெற்றோல் விட்டு உள்ளே கழுவுவோர் இந்தக் காவலைத் தாமே கலைத்துவிடுகின்றனர்.

நிறமோ மணமோ மாறினால் கவனம் வேண்டும். தயிர்க்கட்டிபோல் இருந்து கடித்தால் அது பெரும்பாலும் பங்கசுத் தொற்று. மீன் நாற்றம் பக்றீரியாக்களின் சமநிலை குலைந்ததைக் காட்டலாம். மஞ்சளாக அல்லது பச்சையாக நுரைத்து வந்தால் பாலியல் தொற்றாக இருக்கக்கூடும். அது உறுதியானால் கணவரும் மருந்தெடுக்க வேண்டும். மனைவியை மட்டும் வைத்தியரிடம் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் கணவன்மாருக்கு இதைச் சொல்கிறோம்: நீங்கள் மருந்தெடுக்காவிடில் நோய் மீண்டும் அவரிடமே வந்து சேரும்.

தாம்பத்திய உறவில் ஏற்படும் நோவையும் பலர் விதியென்று பொறுத்துக்கொள்கின்றனர். மாதவிடாய் நின்றபின் ஓமோன் குறைவதால் யோனி வரண்டு நோவு வரலாம். பாலூட்டும் காலத்திலும் அப்படியே. இதற்கு மருந்து உண்டு.

ஆனால் உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ, மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளியேனும் பட்டாலோ, கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல் வைத்தியரிடம் போகவேண்டும். காரணம் சிறியதாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். சோதிக்காமல் எவராலும் சொல்லமுடியாது.

நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கும் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. இலங்கையில் 1996 முதல் நடைபெறும் இக்கிளினிக்குகளில், 35 வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறியும் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. கழுத்துப் பகுதியிலிருந்து சில கலங்களை வருடி எடுப்பார்கள். சில நிமிட வேலை. அந்நோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 இல் பாடசாலைச் சிறுமியருக்கு அறிமுகமானது. தாய்மார் அதைத் தவறவிட வேண்டாம்.

முதலில் யாரிடம் சொல்வது? கர்ப்ப காலத்தில் உங்கள் வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தரிடமே சொல்லலாம். வார்த்தை வராவிட்டால் "வெள்ளைபடுது" என்றால் போதும். மீதியை அவர் கேட்டறிவார்.