திரைக்குள் ஒரு திண்ணைப் பள்ளி

ஓசூரில் பொழுது புலர்வதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும். சிப்காட் பக்கம் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டிபன் டப்பாவும் கையுமாய் நிற்பார்கள். ஆண்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கடிகாரத்துக்கு முள் பொருத்தவும், செல்போனுக்கு உறுப்புச் சேர்க்கவும் போகிற பெண்கள் எத்தனை பேர்! வீட்டில் இருக்கும் இரண்டரை வயதுச் செல்வத்தை யார் பார்த்துக்கொள்வது? மாமியார் தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருப்பார். இரவு ஷிப்டு முடிந்து வந்த அப்பா அரைத் தூக்கத்தில் கைப்பேசியை நீட்டி, "பாப்பா, அ, ஆ பாட்டுப் பாரு" என்பார். ஆயா கிடைத்துவிட்டாள்! சம்பளம் கேட்காத ஆயா. லீவு போடாத ஆயா.

இதைப் படிக்கும் தாய்மார்களில், "நம் வீட்டுக் கதையாக அல்லவா இருக்கிறது!" என்று சிரிப்பவர்கள் இருப்பீர்கள். சிரித்துக்கொண்டே மனசுக்குள் உறுத்தப்படுபவர்களும் இருப்பீர்கள். அந்த உறுத்தலில் நியாயம் எவ்வளவு என்று கொஞ்சம் பார்க்கலாமா?

திரையில் எழுத்துச் சொல்லித் தருவது நேற்று முளைத்த வேடிக்கை அல்ல. அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற பொம்மை நிகழ்ச்சி 1969 நவம்பரில் தொடங்கிற்று. நம் சென்னைத் தொலைக்காட்சியிலே புலவர் மா. நன்னன் பல ஆண்டுகள் தமிழெழுத்துக் கற்பித்தார்; அவர் வகுப்பைப் பார்த்துப் படித்த பெரியவர்கள் ஏராளம். 2013-ல் சென்னையில் வினோத் சந்தர் என்பவர் தம் மகள் பார்த்து மகிழ ஒரு பாட்டுப்படம் செய்து யூட்யூபில் போட்டார். அதுவே 'சூச்சூ டிவி' ஆகி உலகமெல்லாம் ஓடுகிறது. ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரிலிருந்து 'இன்ஃபோபெல்ஸ்'காரர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல பாஷைகளிலும் பாப்பாப் பாட்டுப் போடுகிறார்கள். வர்ணம் என்ன, தாளம் என்ன, ஆடுகிற யானைக்குட்டி என்ன! குழந்தை சொக்கிப் போவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, சொக்கிப் போன குழந்தை கற்றுக்கொள்கிறதா? அதுதானே நமக்கு வேண்டும்?

2010-ல் ஜூடி டிலோச் என்ற அமெரிக்க மனோதத்துவ அம்மாள் ஒரு சோதனை செய்தார். ஒன்று முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளில் ஒரு கூட்டத்துக்கு, வார்த்தை கற்பிப்பதாகப் பெயர் வாங்கிய படத்தை நான்கு வாரம் வீட்டில் போட்டுக் காட்டச் சொன்னார். இன்னொரு கூட்டத்துக்குப் படமே கிடையாது. அதே வார்த்தைகளைத் தாய் தகப்பன்மார் அன்றாட வேலையின் நடுவே சொல்லிக் கொடுத்தார்கள். படம் பார்த்த குழந்தைகள், படமும் பாடமும் இல்லாதிருந்த குழந்தைகளைவிட அதிகமாக ஒன்றும் கற்றுவிடவில்லை. பெற்றோர் சொல்லிக் கொடுத்தவைதான் முந்தி நின்றன. இதில் ஒரு தமாஷ்: எந்தப் பெற்றோருக்குப் படம் ரொம்பப் பிடித்திருந்ததோ, அவர்கள்தாம் "எங்கள் குழந்தை நிறையக் கற்றுக்கொண்டது" என்று அடித்துச் சொன்னார்களாம்!

மூன்று வயதை நெருங்கிய குழந்தைகளின் சமாசாரம் வேறு. நன்றாக அமைந்த நிகழ்ச்சியிலிருந்து அவர்கள் எழுத்தும் எண்ணும் கற்கவே செய்கிறார்கள். ஆனால் அங்கேயும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் பலன் கூடுகிறது. ஏன் என்பதற்கு ஓசூரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்த ஊரில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். 'இ' என்ற எழுத்துக்குத் திரையில் ஒரு பச்சை இலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வீட்டுக் குழந்தை "இலை" என்று கத்தும். கன்னட வீட்டுக் குழந்தைக்கு அது "எலெ". தெலுங்கு வீட்டில் "ஆகு". அடுத்தாற்போல் 'எ'-க்கு எலி வரும். கன்னடத்தில் எலிக்குப் பெயர் என்ன தெரியுமா? "இலி"! ஆக, அந்தக் குழந்தை 'இ'-யைக் காட்டினால் 'எ' என்கும், 'எ'-யைக் காட்டினால் 'இ' என்கும். மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது தன் தாய்மொழிப்படி சரியாகவே சொல்லுகிறது. திரையிலுள்ள யானைக்குட்டிக்கு இது எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு அடுத்த எழுத்துக்கு ஆடிக்கொண்டே போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ அக்காவோதான், "அது நம்ம வீட்டு எலெ, இது பள்ளிக்கூடத்து இலை" என்று சொல்ல முடியும்.

படங்களில் வரும் பொருள்களும் அப்படித்தான். ஓடம், ஏர் என்று காட்டுகிறார்கள். நம் பிள்ளை அதை எங்கே பார்த்தது? 'ஏ'-க்கு ராமநாயக்கன் ஏரி இருக்கிறது. 'ம'-வுக்குச் சந்திரசூடேஸ்வரர் மலை இருக்கிறது. 'மா'-வுக்குக் கிருஷ்ணகிரி மாம்பழத்தைத் தவிர வேறு வேண்டுமா? 'ரோ'-வுக்கு ஓசூர் ரோஜா. 'த'-வுக்கு ராயக்கோட்டைத் தக்காளி. 'அ'-வுக்குக் கெலவரப்பள்ளி அணை. பெரியவர்களே திணறும் 'ஃ' கூட இங்கே சுலபம். அப்பா போகிற கம்பெனியில் எஃகுக்கா பஞ்சம்?

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபடி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. நம் நாட்டுக் குழந்தை வைத்தியர் சங்கமும் 2021-ல் ஏறத்தாழ இதையேதான் சொல்லிற்று. ஷிப்டுக்குப் போகிற தாய் நாள் முழுதும் கூட உட்கார முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டாமே! பத்து நிமிஷம் போதும். இன்றைக்கு 'இ' ஒன்றுதான். ஒரு பாட்டு, இரண்டு தரம். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி நிறுத்திவிட்டு, தட்டில் அரிசியைப் பரப்பி, பிஞ்சு விரலைப் பிடித்து எழுத வையுங்கள். கையால் எழுதிப் பழகிய எழுத்து, கண்டு பழகியதைவிட நன்றாக மனசில் பதியும். அப்பா இரவு ஷிப்டில் இருந்தால் இடைவேளையில் வீடியோ கால் போட்டு, "இ எங்கே காட்டு?" என்று கேட்கட்டும். பதில் பேசுகிற முகத்திடமிருந்து, திரையில் என்றாலும், குழந்தை கற்றுக்கொள்கிறது.

மறுநாள் குப்பைமேனியோ, கறிவேப்பிலையோ, வாழையோ, கண்ணில் பட்ட இலையையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து நிற்கும், பாருங்கள்!

ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் அவரையும் அரிசித் தட்டின் முன் உட்கார வையுங்கள். 1978-ல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன் படித்தவரானால், 'இலை'யின் 'லை'க்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி போட்டுத்தான் எழுதுவார். தடுக்காதீர்கள். "பாட்டி காலத்து லை, தும்பிக்கை லை" என்று சொல்லிப் பாருங்கள். எந்த யூட்யூப் யானைக்குட்டியும் இத்தனை சிரிப்பை வாங்கியிருக்காது.